இது இன்னும் கூடுமா? – முதிய தாய்மாரின் நீர்க்கசிவை முன்னறிவது பற்றி



கண் சிகிச்சையைப் பற்றியும் பிரசவ வார்டைப் பற்றியும் நாங்கள் எழுதுகிறவற்றை இந்தப் பக்கங்களில் ஆவலோடு வாசித்து வருகிறீர்கள். இம்முறை, ஜெப விண்ணப்பமாகக்கூட ஒருவரும் வாய் திறந்து சொல்லத் துணியாத ஒரு தொல்லையைப் பற்றி எழுதுகிறோம். வயது முதிர்ந்த தாய்மாருக்குத் தங்களை அறியாமலும், அடக்க முயன்றும் முடியாமலும் சிறுநீர் கசிந்துவிடுவதே அது.

வார்டில் படுக்கை படுக்கையாகச் சென்று விசாரிக்கும்போது, "ஏன் அம்மா, இப்போதெல்லாம் ஆலயத்துக்கு வருவதில்லையாமே?" என்று கேட்டால், "முழங்கால் வலி, ஐயா" என்பதே முதல் பதில். சற்று நேரம் உட்கார்ந்து பேசினால், அல்லது நர்சம்மா தனியே கேட்டால், வேறொரு பதில் வருகிறது. நெடுநேர ஆராதனையில் உட்கார முடியவில்லை. பாய் நனைந்துவிடுமோ என்று பயம். பக்கத்தில் இருப்பவர்களுக்கு வாடை தெரியுமோ என்று கூச்சம். இதைச் சொல்லி முடித்தபின் அவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "இது இன்னும் கூடுமா, ஐயா? கடைசியில் படுக்கையிலேயே போகும்படி ஆகிவிடுமா?"

அந்தக் கேள்விக்கு மருத்துவம் என்ன பதில் சொல்கிறது என்பதை, எங்கள் டாக்டர்களிடமும் நர்சுகளிடமும் கேட்டறிந்து எளிய முறையில் இங்கே தருகிறோம். பதிலின் சுருக்கம் இது: யாருக்குக் கூடும், யாருக்குக் கூடாது என்பதை ஓரளவு முன்னறியலாம், அந்த அடையாளங்களில் பலவும் நாம் மாற்றக்கூடியவை, சிறு கசிவாக இருக்கும்போதே சொல்லுகிறவர்களுக்கே அதிக நன்மை.

சரீரத்தில் நடப்பது என்ன?

சிறுநீர்ப்பை ஒரு தசைப் பை. சாதாரணமாக அது 300 முதல் 500 மில்லி லிட்டர் வரை நீரைத் தாங்கும். பாதி நிறையும்போதே மூளைக்குச் செய்தி போகும். மூளை, "இப்போது வேண்டாம், பொறு" என்று சொல்லும். பையின் கீழே, இடுப்பெலும்புக்கு இடையில் தொட்டில் கட்டியதுபோல் ஒரு தசைத் தளம் இருக்கிறது. அது நீர்ப்பையையும் கர்ப்பப்பையையும் மலக்குடலையும் தாங்கி, நீர் வரும் வழியை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. பை அமைதியாய் இருக்க வேண்டும்; தசைத் தளம் பலமாய் இருக்க வேண்டும்; மூளையும் நரம்பும் செய்தியைச் சரியாய்க் கொண்டுபோக வேண்டும்; கழிப்பறை வரை போய்ச் சேரக் காலும் கண்ணும் உதவ வேண்டும். இந்த நான்கில் எது குறைந்தாலும் கசிவு வரலாம். முதுமையில் ஒன்றுக்கு மேற்பட்டவை சேர்ந்து குறைவதுண்டு.

இருமும்போது, தும்மும்போது, தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது சில துளிகள் வெளிவருமானால் அது அழுத்தக் கசிவு. தசைத் தளத்தின் பலவீனமே அதற்குக் காரணம். "வருகிறது" என்று உணர்ந்தவுடன் ஓடியும், கதவைத் திறப்பதற்குள் போய்விடுமானால் அது அவசரக் கசிவு. அதில் பை, நாம் உத்தரவு கொடுக்குமுன்னே தானாகச் சுருங்கிவிடுகிறது. இரண்டும் சேர்ந்திருந்தால் கலப்புக் கசிவு. நீர் முழுவதும் வெளியேறாமல் பை நிரம்பியே இருந்து சொட்டுச் சொட்டாக வழிவது வேறொரு வகை. நாள்பட்ட சர்க்கரை வியாதிக்காரர் சிலரிடம் இதைக் காணலாம். முழங்கால் பிடிப்பினாலோ பார்வைக் குறைவினாலோ மறதி நோயினாலோ நேரத்துக்குக் கழிப்பறை போய்ச் சேர முடியாததும் ஒரு வகையே. இந்த ஐந்தில் எது என்று அறியாமல் அடுத்து என்ன ஆகும் என்று சொல்ல இயலாது.

எத்தனை பேருக்கு?

தனக்கு மாத்திரமே இப்படி என்று ஒவ்வொரு தாயும் நினைக்கிறாள். அது உண்மையல்ல. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் வாஷ்டெனா மாவட்டத்தில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களை வீடு வீடாகக் கண்டு பேசிய ஓர் ஆய்வின் முடிவு 1986-ல் வெளியாயிற்று. பெண்களில் 100-க்கு ஏறத்தாழ 38 பேருக்கும், ஆண்களில் 19 பேருக்கும் ஏதோ ஓர் அளவில் இத்தொல்லை இருந்தது. நார்வே நாட்டின் நூர்-துரொண்டலாக் மாவட்டத்தில் 1995 முதல் 1997 வரை 20 வயதுக்கு மேற்பட்ட சுமார் 28,000 பெண்களைக் கேட்டபோது, நாலில் ஒருவர் "ஆம்" என்றார். அப்படிச் சொன்னவர்களில் பாதிப் பேருக்கு அழுத்தக் கசிவு. 36 சதவீதத்தினருக்குக் கலப்பு வகை. 11 சதவீதத்தினருக்கு அவசரக் கசிவு. வயது ஏறும்போது அழுத்தக் கசிவின் பங்கு குறைந்து, அவசர வகையும் கலப்பு வகையும் கூடுகின்றன.

அந்த நார்வே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. கசிவு உடையோரின் எண்ணிக்கை 50 வயதுவரை மெல்ல ஏறி, அதன்பின் 70 வரை ஏறாமலும் சற்றே குறைந்தும் நின்று, 70-க்கு மேல் மறுபடியும் ஏறிற்று. வயது கூடக் கூட எல்லாருக்கும் படிப்படியாய்க் கூடிக்கொண்டே போகும் என்ற எண்ணத்துக்கு இது பொருந்தவில்லை.

ஒரே திசையில் போகிற தொல்லை அல்ல

மிச்சிகனில் அதே முதியவர்களை அடுத்த இரண்டு ஆண்டுகளும் திரும்பச் சென்று கேட்டார்கள். கசிவு இல்லாதிருந்த பெண்களில் ஆண்டுக்கு 100-க்கு ஏறத்தாழ 20 பேருக்குப் புதிதாக வந்திருந்தது. அதே வேளையில், கசிவு இருந்த பெண்களில் ஆண்டுக்கு 100-க்கு ஏறத்தாழ 12 பேருக்கு அது நின்றுபோயிருந்தது. இவை 1990-ல் வெளியிடப்பட்ட கணக்குகள். வருவதும் போவதும் இரண்டுமே நடக்கின்றன என்பதை இதனால் அறிகிறோம். "ஒருமுறை வந்தால் போகாது" என்று ஊரில் சொல்லப்படுவது சரியல்ல. என்றபோதிலும் வருகிறவர்களின் விகிதம் போகிறவர்களின் விகிதத்தைவிட அதிகம். ஆகவே, "தானாகச் சரியாகிவிடும்" என்று காத்திருப்பதும் ஞானமல்ல.

முன்னறிய உதவும் அடையாளங்கள்

ஒரு தாய்க்கு நிலைமை மோசமாகக்கூடுமா என்று கணிக்க, டாக்டர் கவனிக்கும் காரியங்கள் இவை.

முதலாவது, இப்போது எவ்வளவு என்பது. எப்போதாவது சில துளிகள் கசிகிற பெண் திரும்ப வறண்ட நிலைக்கு வருவது எளிது. தினமும் துணி நனைகிற பெண் சிகிச்சையின்றித் தானாகக் குணமாவது அரிது. இன்றைய நிலையே நாளைய நிலைக்குச் சிறந்த சாட்சி.

இரண்டாவது, வகை. அழுத்தக் கசிவோடு அவசரமும் சேர்ந்துகொண்டால் தொல்லை கூடவும் நீடிக்கவும் வாய்ப்பு அதிகம். ஆகவே, முன்பு இருமும்போது மாத்திரம் கசிந்தவர், இப்போது கழிப்பறைக்கு ஓடவும் வேண்டியிருக்கிறது என்று சொன்னால், அந்த மாற்றத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, உடல் எடை. வயிற்றின் பாரம் முழுவதும் நீர்ப்பையின்மேலும் தசைத் தளத்தின்மேலும் இறங்குகிறது. எடை ஏறிக்கொண்டே போகிறவர்களுக்குக் கசிவும் ஏறுவதைப் பல ஆய்வுகள் ஒரேவிதமாய்க் காட்டியிருக்கின்றன.

நான்காவது, சர்க்கரை வியாதி. இரத்தத்தில் சர்க்கரை கூடினால் சிறுநீரின் அளவும் கூடும்; காலப்போக்கில் பையின் நரம்பும் கெடும்.

ஐந்தாவது, நடமாட்டம். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ முடியாதவர், வீட்டுக்குள்ளேயே சுவரைப் பிடித்து நடக்கிறவர், பக்கவாதமோ நடுக்கவாதமோ உள்ளவர், நினைவு மங்கி வருகிறவர் ஆகியோருக்குக் கசிவு கூடக்கூடிய அபாயம் அதிகம். மிக முதிர்ந்த வயதில், நீர்ப்பையைக் காட்டிலும் கால்களைப் பார்த்தே அதிகம் அறிந்துகொள்ளலாம்.

ஆறாவது, விடாத இருமல், நாள்பட்ட மலச்சிக்கல், அடிக்கடி வரும் நீர்க்கடுப்பு. விறகடுப்புப் புகையில் ஆயுள் முழுவதும் சமைத்த தாய்மாரின் இருமல் தசைத் தளத்தை ஒவ்வொரு நாளும் நூறு முறை இடிக்கிறது.

பிள்ளைப்பேற்றைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். "எட்டுப் பிள்ளை பெற்ற வயிறு, ஐயா, இனி என்ன செய்ய?" என்று சலித்துக்கொள்கிறவர்கள் உண்டு. பிரசவம் தசைத் தளத்தைத் தளர்த்துவது உண்மையே. நார்வே மாவட்டத்தில் 65 வயதுக்கு உட்பட்ட பெண்களில், பிள்ளை பெறாதவர்களில் 10 சதவீதத்தினருக்கும், அறுவைப் பிரசவம் மாத்திரம் ஆனவர்களில் 16 சதவீதத்தினருக்கும், இயற்கைப் பிரசவமானவர்களில் 21 சதவீதத்தினருக்கும் கசிவு இருந்ததாக 2003-ல் வெளியிட்டார்கள். ஆனால் அதே மக்களிடம் 65 வயதைக் கடந்த பெண்களைப் பார்த்தபோது, எத்தனை பிள்ளை பெற்றார் என்பதற்கும் கசிவுக்கும் தொடர்பு காணப்படவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு முன் நடந்த பிரசவத்தைவிட, இன்றைய எடையும் சர்க்கரையும் கால்வலியுமே முதுமையில் அதிகமாய்ப் பேசுகின்றன. கடந்ததை மாற்ற முடியாது. இன்றுள்ளவற்றில் பலவற்றை மாற்றலாம். இது எங்கள் தாய்மாருக்குப் பெரிய ஆறுதல்.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு கணக்கு

நார்வே நாட்டு மருத்துவர் சாண்ட்விக் என்பவரும் அவருடைய உடன் ஊழியரும் 1993-ல் ஒரு சிறு கணக்கை வெளியிட்டார்கள். இரண்டே கேள்விகள். எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கும் மகளோ பேத்தியோ கேட்டு எழுதிவிடலாம்.

முதற்கேள்வி: எத்தனை முறை? மாதத்துக்கு ஒரு முறைக்கும் குறைவு என்றால் 1. மாதத்தில் ஒன்றோ சில முறையோ என்றால் 2. வாரத்தில் ஒன்றோ சில முறையோ என்றால் 3. தினமும் அல்லது ஒவ்வொரு இரவும் என்றால் 4.

இரண்டாம் கேள்வி: எவ்வளவு? சில துளிகள் அல்லது கொஞ்சம் என்றால் 1. அதற்கு மேல் என்றால் 2.

இரண்டு எண்களையும் பெருக்குங்கள். 1 அல்லது 2 வந்தால் லேசானது. 3 அல்லது 4 வந்தால் நடுத்தரம். 6 அல்லது 8 வந்தால் கடுமையானது. மாதத்தில் இரண்டு மூன்று முறை, இருமும்போது சில துளிகள் என்றால் 2 பெருக்கல் 1, ஆக 2. வாரத்தில் பல முறை சேலை நனைகிறது என்றால் 3 பெருக்கல் 2, ஆக 6.

ஒருமுறை போட்ட கணக்கைவிட, ஆறு மாதம் கழித்து மறுபடியும் போட்டு ஒப்பிட்டுப் பார்ப்பதே பிரயோஜனம். 2-லிருந்து 4 ஆகியிருந்தால் இனி காத்திருக்க வேண்டாம். கூடவே, மூன்று நாள் குறிப்பு ஒன்றும் எழுதி வந்தால் டாக்டருக்குப் பேருதவி: எந்த மணிக்கு என்ன குடித்தார், எந்த மணிக்கு நீர் விட்டார், எப்போது கசிந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தார். ஒரு பழைய நோட்டுப் புத்தகமும் பென்சிலும் போதும்.

திடீரென வந்தால்

நேற்றுவரை நன்றாய் இருந்தவருக்கு ஒரே வாரத்தில் கசிவு தொடங்கினால், அதை முதுமையின் தொடக்கம் என்று எண்ணி மூலையில் விடக்கூடாது. பெரும்பாலும் நீக்கக்கூடிய காரணம் ஒன்று பின்னே இருக்கும். சிறுநீரில் கிருமித் தொற்று, இறுகிப்போன மலம், காய்ச்சலில் வரும் புத்தி தடுமாற்றம், கட்டுப்பாடு இழந்த சர்க்கரை, எலும்பு முறிந்து எழ முடியாத நிலை, ஆழ்ந்த மனச்சோர்வு, மாதவிடாய் நின்றபின் பெண்ணுறுப்பின் தோல் வறண்டு மெலிதல் ஆகியவை டாக்டர்கள் முதலில் தேடுபவை. மருந்துகளும் காரணமாகலாம். இரத்த அழுத்தத்துக்குத் தரும் நீர் மாத்திரை அவசரத்தைக் கூட்டும். எனலாப்ரில், ராமிப்ரில் போன்றவை சிலருக்கு வறட்டு இருமலைத் தந்து கசிய வைக்கும். பிராசோசின் போன்றவை நீர் வழியின் பிடியைத் தளர்த்தும். தூக்க மாத்திரை இரவில் உணர்வை மழுங்கச் செய்யும். எந்த மாத்திரையையும் தாமாக நிறுத்த வேண்டாம். எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவாருங்கள். நேரத்தை மாற்றியோ வேறொன்று தந்தோ டாக்டர் சரிசெய்வார்.

சிறுநீரில் இரத்தம், கால் மரத்துப்போதல், நீர் அடைத்துக்கொள்ளுதல், பெண்ணுறுப்பில் ஏதோ இறங்கி நிற்பதுபோன்ற உணர்வு, இரவு பகல் ஓயாமல் வழிதல் ஆகியவை இருந்தால் கணக்குப் போட்டுக்கொண்டிராமல் உடனே வரவேண்டும்.

முன்னறிவு தீர்ப்பு அல்ல

ஆய்வுகள் சொல்வது கூட்டத்தைப் பற்றியது. இத்தனை சர்க்கரை, இத்தனை எடை, இத்தனை வயது உள்ள நூறு பெண்களில் இத்தனை பேருக்குக் கூடும் என்று சொல்லலாம். கட்டிலில் இருக்கும் இந்த ஒரு தாய் அதில் எந்தப் பக்கம் என்று ஒருவரும் உறுதியாய்ச் சொல்ல முடியாது. மழை வரும் என்று வானொலி சொன்னால் குடையை எடுத்துக்கொள்கிறோம். வயலுக்குப் போவதை விட்டுவிடுவதில்லை. அவ்வாறே இந்த முன்னறிவையும் எடுத்துக்கொள்ள வேண்டும். இதற்குச் சில நல்ல சான்றுகள் உண்டு.

எடை அதிகமுள்ள 338 பெண்களிடம் அமெரிக்காவில் நடத்திய சோதனை 2009-ல் வெளியாயிற்று. ஆறு மாதத்தில் உடல் எடையில் 8 சதவீதத்தைக் குறைத்தவர்களுக்கு வாராந்தரக் கசிவு 47 சதவீதம் குறைந்தது. வெறும் போதனை மாத்திரம் பெற்றவர்களுக்கு 28 சதவீதம். எண்பது கிலோ உள்ளவர் ஆறரை கிலோ குறைப்பதே அந்த அளவு. ஒல்லியாக வேண்டிய அவசியமில்லை.

இடுப்புத் தசைப் பயிற்சியை அமெரிக்கப் பெண்நோய் மருத்துவர் ஆர்னல்ட் கீகல் 1948-ல் எழுதி அறிமுகப்படுத்தினார். அபான வாயுவை அடக்குவதுபோல் கீழ்த் தசையை உள்நோக்கி மேலே இழுத்து, சில விநாடி நிறுத்தி, விட்டுவிட வேண்டும். மூச்சைப் பிடிக்கக் கூடாது. வயிற்றையும் தொடையையும் இறுக்கக் கூடாது. ஒரு வேளைக்கு எட்டு முறையாவது, நாளுக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம் விடாமல் செய்ய வேண்டும். பலர் மேலே இழுப்பதற்குப் பதில் கீழே முக்கிவிடுகிறார்கள். அது கேடு செய்யும். ஆகவே ஒருமுறையாவது பெண் பிசியோதெரபிஸ்ட்டோ பயிற்சி பெற்ற நர்சோ சரிபார்ப்பது நலம். அழுத்தக் கசிவு உள்ள பெண்களில் இப்பயிற்சி செய்தவர்களுள் 56 சதவீதத்தினர் குணமானதாகவும், செய்யாதவர்களுள் 6 சதவீதத்தினரே அப்படிச் சொன்னதாகவும் 2018-ல் பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் தெரிவித்தார்கள்.

அவசரக் கசிவுக்கும் வழி உண்டு. உணர்வு வந்தவுடன் ஓடாமல், நின்ற இடத்தில் நின்று, தசையைச் சில முறை இறுக்கி, அவசரம் தணிந்தபின் மெதுவாய் நடந்து போக வேண்டும். நீர் விடும் இடைவெளியைச் சிறிது சிறிதாக நீட்ட வேண்டும். 55 முதல் 92 வயது வரையான 197 பெண்களிடம் நடத்தி 1998-ல் வெளியிட்ட சோதனையில், இவ்விதப் பயிற்சியால் கசிவு 81 சதவீதமும், ஆக்ஸிபியூட்டினின் என்ற மாத்திரையால் 69 சதவீதமும், வெற்று மாத்திரையால் 39 சதவீதமும் குறைந்தது. தொண்ணூறு வயதிலும் கற்றுக்கொள்ளலாம் என்பதற்கு இது சான்று. அந்த மாத்திரை முதியோரின் நினைவாற்றலைக் கெடுக்கக்கூடும் என்பதால் இன்று டாக்டர்கள் அதைத் தயக்கத்தோடேயே தருகிறார்கள்.

எல்லா நம்பிக்கையும் நிலைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மாதவிடாய் நின்றபின் உட்கொள்ளும் ஹார்மோன் மாத்திரை கசிவைக் குறைக்கும் என்று பல ஆண்டுகள் நம்பினார்கள். அமெரிக்காவில் நடந்த பெரிய சோதனையோ, அம்மாத்திரை கசிவைப் புதிதாய் உண்டாக்கியதையும் இருந்ததைக் கூட்டியதையும் 2005-ல் காட்டிற்று. அளவாகத் தடவும் களிம்பு வேறு. அது சிலருக்கு உதவுகிறது.

கசிவு வருமுன்னே தடுக்க முடியுமா? மிச்சிகனில் 55 வயதுக்கு மேற்பட்ட, கசிவு இல்லாத அல்லது மிக லேசாக உள்ள 359 பெண்களில் ஒரு பகுதியினரை ஒரு வகுப்பில் அமர்த்தி இப்பயிற்சிகளைக் கற்பித்தார்கள். ஓராண்டுக்குப் பின், கற்றவர்களில் 56 சதவீதத்தினரும் கற்காதவர்களில் 41 சதவீதத்தினரும் முன்பிருந்த நிலையிலோ அதைவிட நல்ல நிலையிலோ இருந்தார்கள். 2004-ல் வெளியான முடிவு இது. விலையுயர்ந்த கருவி ஏதும் இதற்கு வேண்டியிருக்கவில்லை.

ஏன் இதைப் பொருட்படுத்த வேண்டும்?

உயிர்போகும் வியாதியா இது என்று சிலர் கேட்கலாம். முதிய அமெரிக்கப் பெண்கள் 6,000-க்கு மேற்பட்டோரைக் கவனித்து 2000-ல் வெளியிட்ட ஆய்வில், வாரத்துக்கு ஒருமுறையாவது அவசரக் கசிவு உள்ளவர்களுக்குக் கீழே விழும் அபாயம் 26 சதவீதமும், எலும்பு முறியும் அபாயம் 34 சதவீதமும் அதிகமாய் இருந்தன. இருட்டில், ஈரத் தரையில், அவசரமாய் எழுந்து ஓடுகிற தாயை நினைத்துப் பாருங்கள். இடுப்பெலும்பு முறிந்து எங்களிடம் வருகிறவர்களிடம் "எங்கே விழுந்தீர்கள்?" என்று கேட்கும் நாங்கள், "எதற்காக எழுந்தீர்கள்?" என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

அடுத்தது, தண்ணீர். கசியுமே என்று பயந்து நாள் முழுவதும் இரண்டு தம்ளருக்கு மேல் குடிக்காத தாய்மார் உண்டு. அதனால் நீர் அடர்ந்து பையை எரிக்கிறது, மலம் இறுகுகிறது, தொற்று வருகிறது, கசிவு கூடுகிறது. பகலில் வழக்கம்போல் ஆறேழு தம்ளர் குடித்து, படுக்குமுன் இரண்டு மணி நேரம் குறைத்துக்கொள்வதே சரி. காப்பி, தேநீரைக் குறைத்தால் அவசரம் தணியும்.

எல்லாவற்றிலும் பெரிய நஷ்டம் தனிமை. திருமண வீட்டுக்குப் போவது நிற்கிறது. பேருந்துப் பயணம் நிற்கிறது. பெண்கள் ஐக்கியக் கூட்டம் நிற்கிறது. திருவிருந்து நாளிலும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். "விசுவாசத்தில் தளர்ந்துவிட்டார்" என்று சபையில் சிலர் நினைக்கிறார்கள். வீட்டில் துணி துவைக்கிற மருமகளின் பாரமும் பெரிது. அவளும் யாரிடமும் சொல்வதில்லை.

நீங்கள் செய்யக்கூடியவை

உங்கள் காணிக்கைகளால் நடைபெறும் இம்மருத்துவமனையில், இத்தொல்லையோடு வருகிறவரைத் திரைக்குப் பின்னே தனியே உட்கார்த்தி விசாரிப்பதே முதற்சிகிச்சை. அதற்கு நேரமும் பொறுமையுள்ள பெண் ஊழியரும் வேண்டும். ஆனால் உங்கள் சபையிலேயே செய்யக்கூடியவையும் உண்டு.

ஆலயத்தின் கழிப்பறை எங்கே இருக்கிறது, அதற்குப் போகும் பாதையில் படி உண்டா, உள்ளே பிடித்து எழக் கைப்பிடி உண்டா என்று பாருங்கள். உட்கார்ந்து எழும் கழிப்பறை ஒன்றாவது இருக்கட்டும். முதிய தாய்மார் ஓரமாக, வாசலுக்கு அருகில் உட்காரட்டும். நடுவில் எழுந்து போனால் ஒருவரும் திரும்பிப் பார்க்க வேண்டாம். பெண்கள் ஐக்கியத்தில் ஒரு மாலை, நர்சு ஒருவரை அழைத்து இந்தப் பயிற்சியையும் இரண்டு கேள்விக் கணக்கையும் சொல்லிக்கொடுக்கச் செய்யுங்கள். வீட்டில் கட்டிலுக்கும் கழிப்பறைக்கும் இடையே ஒரு சிறு விளக்கு எரியட்டும். மறதி நோய் உள்ள தாயை இரண்டு மணிக்கு ஒருமுறை நாமே அழைத்துப் போனால் பல நாட்கள் துணி நனையாமலே கழியும்.

எல்லாருக்கும் முற்றும் குணமாகும் என்று நாங்கள் வாக்களிக்க முடியாது. பயிற்சியும் மருந்தும் பயன்படாத சிலருக்குத் தாங்கு வளையமோ அறுவை சிகிச்சையோ உதவும். வேறு சிலருக்குச் சுத்தமான துணியும், தோல் புண்ணாகாமல் காக்கும் கவனிப்பும், முகம் சுளிக்காத ஒரு மகளும் வேண்டும். ஆனால் "இது இன்னும் கூடுமா?" என்று கேட்கும் தாய்க்கு, "கூடலாம், கூடாமலும் இருக்கலாம், எந்தப் பக்கம் போகிறது என்று சேர்ந்து பார்ப்போம், திருப்ப முடிந்ததைத் திருப்புவோம்" என்று உண்மையாகவே சொல்ல முடிகிறது. அந்தப் பதிலைக் கேட்க அவர் முதலில் வாய் திறந்து சொல்ல வேண்டும். உங்கள் வீட்டிலுள்ள மூத்த தாயிடம் இந்த வாரம் யாராவது ஒருவர் அன்பாய்த் தனியே கேட்பீர்களாக.


மருத்துவமனைப் போதகரும் உடன் ஊழியரும்